கறுப்புப் பாதையைக் கறுப்பென்று சொன்ன மச்சாள்

எந்த மலையைப் பற்றிக் கேட்டாலும் மச்சாள் முதலில் வாயைத் திறக்கமாட்டார். வலது கையைத் தூக்குவார். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கை நிலத்தைப் பார்க்கப் பிடித்து, மெல்ல மெல்லச் சரித்து ஓரிடத்தில் நிறுத்துவார். "மேலை இவ்வளவு. நடுவிலை இவ்வளவு. கடைசி வளைவிலை இவ்வளவு." அதற்குப் பிறகுதான் தேநீரைக் கையில் எடுப்பார். எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் அதுதான் தீர்ப்பு. மற்ற இருவரும் ஏற்றுக்கொள்வார்கள். எனக்குத்தான் ஒருபோதும் மனம் வராது.

மச்சாள் என்றது என் மனைவியின் தமக்கையை. நோர்வேயில், ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் எங்கள் கட்டடத்திலிருந்து இரண்டு கட்டடம் தள்ளி, மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. என்னைவிட நான்கு வயது மூத்தவர், என்னைவிட ஒரு சாண் குட்டை. ஆனால் மலையுச்சியில் போய் நின்றால் நான்தான் அவருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பேன். இதை இப்போது எழுதுகிறேன். அந்தக் காலத்தில் என்னைக் கொன்றாலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஏழெட்டுக் குளிர்காலங்கள் அப்படிப் போயின. நாங்கள் நான்கு பேர். மச்சாள், நான், திராமனில் டாக்சி ஓட்டிய ஓர் அண்ணர், லில்லெஸ்ட்ரோமில் குடியிருந்த ஒரு கோயம்புத்தூர் இஞ்சினியர். மற்றத் தமிழ்ச் சனம் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கும், பின்னேரம் யாருடையதாவது பிறந்தநாளுக்குப் போகும். நாங்கள் மச்சாளின் பழைய ஸ்டேஷன் வாகனுக்குள் பனிச்சறுக்குக் கட்டைகளை நீட்டுக்கு அடுக்கிக்கொண்டு மலைக்குப் போவோம். கட்டைகளின் நுனி எப்போதும் கோயம்புத்தூர்க்காரரின் காதருகில் இருக்கும். "வெள்ளைக்காரனுக்குத்தான் விசர், உங்களுக்குமோ?" என்று சொந்தக்காரர் கேட்பார்கள். என் மனைவியும் கேட்பாள்.

சறுக்குவதைவிட நாங்கள் கதைத்ததுதான் கூட. இங்கே மலைப்பாதைகளுக்கு நிறம் உண்டு. பச்சை குழந்தைகளுக்கு, நீலம் பழகுகிறவர்களுக்கு, சிவப்பு பழகியவர்களுக்கு, கறுப்பு உயிரில் ஆசை குறைந்தவர்களுக்கு. எந்த மலையின் கறுப்பு மற்ற மலையின் கறுப்பைவிடக் கறுப்பு என்பதுதான் எங்கள் ஓயாத வழக்கு. ஒஸ்லோவுக்கு மேலே ட்ரிவான் மலை, திராமனில் திராமன்காரரின் மலை, காரில் இரண்டு மணி நேரம் ஓடினால் நூரெஃபியெல், இன்னும் ஓடினால் ஹெம்செடால். திராமன்காரருக்கு உலகத்திலேயே செங்குத்தானது அவருடைய வீட்டு யன்னலால் தெரிகிற மலை. எனக்கு நான் கடைசியாக விழாமல் இறங்கியது எதுவோ அதுதான் உலகத்திலேயே செங்குத்து. நான் இறங்காத பாதையெல்லாம் சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற இடம்.

"உங்கட மலையிலை மேல் அரைவாசிதான் கறுப்பு, அண்ணை. கீழை வந்தா நித்திரை வரும்," என்பேன்.

"நீர் போன மாசி மாதம் அந்தக் கீழ் அரைவாசியிலைதானே விழுந்து கிடந்தனீர்?" என்பார் திராமன்காரர்.

மச்சாள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுக் கையைத் தூக்குவார். திராமன் மலை மேலே சரிவு கூட, ஆனால் அகலம், தப்ப இடமுண்டு. ட்ரிவான் சரிவு குறைவு, ஆனால் ஒடுக்கம், மத்தியானத்துக்குப் பிறகு ஐஸ். "சரிவை மட்டும் சொல்லாதேங்கோ. விழுந்தா எங்கை போய் நிப்பம் எண்டதையும் சொல்லுங்கோ," என்பார். அதோடு வழக்கு முடியும்.

பிட்டிகளைப் பற்றிய வழக்கு வேறு. சரிவான பாதையில் நூறு பேர் திரும்பித் திரும்பி இறங்க, பனி ஒதுங்கி, இடுப்பளவு உயரத்தில் வரிசை வரிசையாக மேடுகள் முளைக்கும். நோர்வேக்காரர் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். மச்சாள் பிட்டி என்றார், நாங்களும் பிட்டி என்றோம். ஒவ்வொரு பிட்டியிலும் முழங்கால் மடங்கி நிமிரவேண்டும், ஒன்றில் பிந்தினால் அடுத்தது நெஞ்சில் இடிக்கும். மச்சாள் அதில் இறங்குவதை நின்று பார்க்கலாம். தலை ஒரே மட்டத்தில் வரும், கால்கள் மட்டும் கீழே தையல் மெசின் அடிக்கும். கீழே வந்ததும் நாங்கள் கைதட்டுவோம். அவரோ, "நாலாவது பிட்டியிலை பயந்துபோனன்" என்பார். அவர் பயந்ததை நாங்கள் யாரும் கண்டிருக்கமாட்டோம். கேட்டிருக்கவும் மாட்டோம். தானாகச் சொல்வார்.

அதுதான் மச்சாள். உள்ளதைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

எனக்கு அதில் ஒரு கடுப்பு இருந்தது. என் தொழிலும் சரிவுதான். குளியலறைகளுக்கு ஓடு பதிக்கிறவன் நான். தண்ணீர் ஓட்டைக்குப் போவதற்கு எவ்வளவு சரிவு விடவேண்டும் என்று ஒஸ்லோவில் பாதி வீட்டுக்காரருக்கு வகுப்பெடுத்தவன். இந்த மனிசி வெறுங்கையால் சரிவு காட்டுகிறாரே என்று ஒரு நாள் பாகை காட்டுகிற என் மின்சார மட்டக்கோலை மலைக்குக் கொண்டுபோய், யாரும் காணாமல் திராமன் கறுப்பின் நடுவில் பனிமேல் வைத்துப் பார்த்தேன். அடுத்த கிழமை எங்கள் வீட்டுக் குசினியில், "மச்சாள், திராமன் கறுப்பு நடுவிலை எவ்வளவு?" என்று கேட்டு, அவர் கையைச் சரித்ததும் மட்டக்கோலை எடுத்து அவர் கைமேல் வைத்தேன். போன கிழமை அளந்ததைச் சொன்னேன்; ஒரு பாகைதான் வித்தியாசம். மச்சாள் சிரிக்கவில்லை. "போன கிழமை புதுப் பனி விழுந்திருக்கும்," என்றார். விழுந்துதான் இருந்தது.

அவர் பனிச்சறுக்குக்கு வந்த கதையும் ஒரு விதமானது. எண்பதுகளில் எங்கள் பெடியள், பெட்டையள் பலர் நோர்வேக்கு வந்தது மக்கள் உயர்கல்லூரி என்கிற ஒருவகைத் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடங்களுக்கு. மச்சாளுக்குக் கிடைத்தது மலைக்குள்ளே ஒன்று. இருபது வயது. வந்த இரண்டாவது கிழமை காலில் கட்டைகளை மாட்டி ஒரு மேட்டில் நிறுத்தியிருக்கிறார்கள். வாத்தியார், எல்லாம் சரியாய்ப் போகும், பயப்பட ஒன்றுமில்லை என்று முதுகில் தட்டியிருக்கிறார். "தமிழனுக்கு மட்டுமில்லைத் தம்பி, நோர்வேக்காரனுக்கும் ஒரு 'ஒண்டுமில்லை' இருக்கு," என்று மச்சாள் சொல்வார். காறை எலும்பு முறிந்து ஆறு கிழமை கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தாராம். கட்டு அவிழ்த்த அன்றே அதே மேட்டில் போய் நின்று, மேலிருந்து கீழே எவ்வளவு என்று தன் கையால் பிடித்துப் பார்த்தாராம். அன்றைக்கு விழவில்லை.

"எவ்வளவு எண்டு தெரிஞ்சால் காலுக்குத் தெரியும் என்ன செய்யவேணுமெண்டு. தெரியாட்டித்தான் விழுறது."

அவருடைய கல்யாணம் சரிவராமல் போனதும் இந்தக் குணத்தால்தான். கனடாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம். மச்சாளின் தாயான மாமி மகளின் வயதில் மூன்றைக் குறைத்துச் சொல்லியிருந்தார், எல்லாரும் குறைக்கிறதுதான். மாப்பிள்ளையே ஒருநாள் தொலைபேசி எடுத்தார். மச்சாள் கதை தொடங்கி ஐந்தாவது நிமிடத்தில், "உங்களுக்கு முப்பத்திரண்டு எண்டு சொல்லியிருப்பினம், எனக்கு முப்பத்தைஞ்சு. தைரொயிட்டுக்குக் குளிசை எடுக்கிறனான். எனக்கு மலைக்குப் போகாமல் இருக்கேலாது," என்றார். அந்தப் பக்கம் மரியாதையாக விடைபெற்றுக்கொண்டது. என் மனைவி இரண்டு நாள் அழுதாள். மச்சாள், "பிறகு தெரிஞ்சு அந்த மனுசன் முழுசுறதைவிட இது நல்லம்தானே," என்றுவிட்டு வேலைக்குப் போனார். அவருக்கு அது வலிக்கவில்லை என்று நான் அப்போது நினைத்தேன். நான் பல விசயங்களை அப்படித்தான் நினைத்திருக்கிறேன்.

கோயம்புத்தூர்க்காரரின் கதையைச் சொல்லாமல் போகமுடியாது, என் மானம் போனாலும்.

அவர் பழகத் தொடங்கி இரண்டாவது வருடம். நீலத்தில் நன்றாக வருவார், சிவப்பில் முகம் வெளிறும். ஒருநாள் நூரெஃபியெல்லில், மச்சாள் தேநீர்க்கடையில் நின்ற நேரம் பார்த்து, நான் அவரைக் கறுப்புப் பாதையின் உச்சி முனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தனியாக இறங்க எனக்குப் பயம். துணைக்கு ஆள் வேண்டும், அதுவும் என்னைவிட மோசமாக இறங்குகிற ஆள். இதுதான் உண்மையான காரணம்.

"அண்ணா, ரொம்ப ஸ்டீப்பா தெரியுதே? கீழ எதுவுமே தெரியலையே?"

"சும்மா வாரும். ஒண்டுமில்லை. சுகமான பாதை."

"நீங்க 'ஒண்டுமில்லை'ன்னு சொல்றப்பல்லாம் ஏதோ ஒண்ணு இருக்குண்ணா," என்றார் பாவி. ஆனாலும் என்னை நம்பி வந்தார். மூன்றாவது பிட்டியில் ஒரு கட்டை கழன்று தனியாகக் கீழே போனது. ஐந்தாவதில் அவரே தனியாகப் போனார். இருபது மீட்டர் சறுக்கிக்கொண்டு போய் ஒரு பிட்டியின் குழிக்குள் இருந்துவிட்டார். எழும்பவும் மாட்டேன், அசையவும் மாட்டேன் என்று கைகளைப் பனிக்குள் புதைத்துக்கொண்டார். நான் அவருக்கு மேலே நின்று, "எழும்பும் ஐசே, ஒண்டுமில்லை," என்று கத்திக்கொண்டிருந்தேன். எனக்கும் கீழே போகத் தெரியவில்லை.

யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது, மச்சாள் மேலிருந்து வந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே அவருக்குக் கீழ்ப்பக்கமாய்ப் போய்க் கட்டைகளைக் குறுக்கே ஊன்றி நின்றார்.

"தம்பி, இது கறுப்புப் பாதை. சரியான செங்குத்து. நீங்கள் பயப்படுறது சரி," என்றார். "இன்னும் அறுபது பிட்டி கிடக்கு. ஒரு மணித்தியாலம் எடுக்கும். ரெண்டு மூண்டு தரம் இன்னும் விழுவீங்கள். நான் உங்களுக்குக் கீழைதான் நிப்பன், விழுந்தா என்னிலைதான் விழுவீங்கள். இப்ப வலது காலை இஞ்சை வையுங்கோ."

அந்த மனிதர் எழும்பினார். நான் அரை மணி நேரம் கத்தியும் எழும்பாத ஆள், இன்னும் இரண்டு மூன்று தரம் விழுவீர்கள் என்று மச்சாள் சொன்னதும் எழும்பினார். எனக்கு அது விளங்கவேயில்லை. மச்சாள் சொன்னபடி மூன்று தரம் விழுந்தார், சொன்னபடி ஒரு மணி நேரம் எடுத்தது. கீழே வந்து சேர்ந்தபிறகு மச்சாள் என்னிடம் வந்தார்.

"கூட்டிக்கொண்டு போனது பிழையில்லை, தம்பி. உள்ளதைச் சொல்லிப்போட்டுக் கூட்டிக்கொண்டு போயிருக்கவேணும்."

அவ்வளவுதான். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன், மனம் ஆறியிருக்கும். அன்று முழுக்க நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம், "உன்ர கொக்கா ஒரு பெரிய அரிச்சந்திரன்" என்றேன்.

முதியோர் இல்லத்திலும் அவர் இப்படித்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தாய்தகப்பனைப் பார்க்க வருகிற நோர்வேப் பிள்ளைகள் தாதியைவிட்டு மச்சாளைத் தேடுவார்களாம். இன்றைக்கு எப்படி என்று கேட்டால், நேற்றைவிட மோசம், ஆனால் காலையில் தோடம்பழம் கேட்டுச் சாப்பிட்டார் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வாராம். இப்போது அவர் ஒஸ்லோவில் இல்லை. வடக்கே ஒரு சின்ன ஊருக்குப் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அங்கே மலை வாசலிலேயே தொடங்குகிறது என்று கேள்வி. நான் இப்போது சறுக்குவதில்லை. முழங்கால் ஒத்துழைக்காது என்று எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். உண்மையில் மச்சாள் இல்லாமல் எனக்குப் பயம்.

நான் சொல்லவந்தது, போரில் யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை பூட்டிய பிறகு வந்த குளிர்காலத்தில் நடந்தது. என் அம்மா அங்கே தம்பியோடு இருந்தார். பாதை பூட்டினால் மருந்துக்குத் தட்டுப்பாடு, சாமானுக்குத் தட்டுப்பாடு, போய்வருவது நினைக்கவே முடியாத காரியம். கிழமைக்கு இரண்டு தரம் தொலைபேசி எடுப்பேன். மாசி மாதத்தில் ஒரு பத்து நாளாக அம்மா கிடைக்கவில்லை. கோயிலுக்குப் போய்விட்டார் என்பான் தம்பி. அடுத்த தரம் நித்திரை என்பான். அடுத்த தரம் பக்கத்து வீட்டில் செத்தவீடு என்பான். நான் நம்பினேன். நம்பியதோடு பகிடியும் விட்டேன்: "அம்மா இந்த வயசிலை எங்கையடா ஊர் சுத்துறா?" அந்தப் பக்கம் தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பை அவன் எப்படிச் சிரித்தானோ என்று இப்போதும் யோசிப்பேன்.

அந்தச் சனிக்கிழமை நூரெஃபியெல்லுக்குப் போனோம். போகிற வழியில் திராமன்காரர் புதிதாய் ஒரு மலையைப் பற்றிச் சண்டை தொடங்கினார், மச்சாள் கையைத் தூக்கவில்லை. தலையிடி ஆக்கும் என்று நினைத்தோம். கம்பிவடத்தில் தொங்கி மேலே போகிற தூக்கி நாற்காலியில் வழக்கமாக நானும் திராமன்காரரும்தான் ஏறுவோம். அன்று மச்சாள் என் பக்கத்தில் வந்து நின்றார். நாற்காலி எங்கள் இருவரையும் வாரிக்கொண்டு கிளம்பியது. மற்ற இருவரும் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, கம்பியைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. நான் ஒரு பாரமான விசயம் சொல்லப்போறன்."

"என்ன, திராமன்காரரிட்டைத் தோத்துப்போனீங்களோ?" என்றேன்.

"உங்கட அம்மா ஆஸ்பத்திரியிலை. பத்து நாளாச்சு. ஈரல்லை புற்றுநோய். இனிச் செய்யிறதுக்கு ஒண்டும் இல்லையெண்டு டொக்டர்மார் சொல்லிப்போட்டினம். கன நாள் இல்லை."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கீழே யாரோ ஒருவர் பிட்டிகளில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"இப்ப நினைவு இருக்கு. கதைக்கிறா. நாளைக்கு, நாளையிண்டைக்கு எப்பிடியெண்டு சொல்லேலாது. அதுதான் இண்டைக்குச் சொல்லுறன்."

"என்ர மனுசிக்குத் தெரியுமோ?"

"தெரியும். உங்கட தம்பி அவளுக்குத்தான் முதல் சொன்னவர். அண்ணையாலை வரேலாது, வேலைக்குப் போற மனுசன், சும்மா ஏன் நெஞ்சைப் பதறவைப்பான், எல்லாம் முடிஞ்சாப் பிறகு மெல்லச் சொல்லுவம் எண்டு பேசிவைச்சவை. சொல்லமாட்டன் எண்டு நானும் தங்கச்சிக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தனான். இப்ப உடைச்சுப்போட்டன்."

நான் தம்பியில் கோபப்பட்டிருக்கவேண்டும், மனைவியில் கோபப்பட்டிருக்கவேண்டும். எனக்கு வந்த கோபம் முழுவதும் பக்கத்தில் இருந்தவரில்தான் வந்தது.

"நீங்கள் ஏன் சொன்னனீங்கள்? என்னாலை என்ன செய்யேலும்? பாதை பூட்டிக் கிடக்கு! எனக்கு அங்கை போகேலுமோ? சொல்லுங்கோ, போகேலுமோ?"

"போகேலாது," என்றார் மச்சாள். "கதைக்கலாம்."

சமாதானம் சொல்லவில்லை, கடவுளைக் கூப்பிடவில்லை. கையுறை போட்ட கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாற்காலி மேலே போய்ச் சேர இன்னும் ஏழெட்டு நிமிடம் இருந்தது. அந்த ஏழெட்டு நிமிடமும் இறங்கி ஓட இடமில்லாத உயரத்தில் அவரோடு இருந்தேன்.

உச்சியில் இறங்கியதும் நான் பழக்கத்தில் கறுப்புப் பக்கம் திரும்பினேன். மச்சாள் ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டினார். "இண்டைக்குப் பச்சையாலை போவம்." குழந்தைகள் இறங்கும் பாதையால் இறங்கினோம். தட்டையான இடத்தில் நான் ஒருதரம் விழுந்தேன். ஐந்து வயது மதிக்கத்தக்க ஒரு நோர்வேப் பிள்ளை என்னைச் சுற்றிக்கொண்டு போனது. மச்சாள் நான் எழும்பும்வரை கீழே நின்றார்.

கார்த் தரிப்பிடத்தில் சாவியைத் தந்து, "உள்ளுக்கை இருந்து கதையுங்கோ, குளிரில்லை," என்றுவிட்டுத் தள்ளிப் போய்விட்டார். யாழ்ப்பாணத்தில் பின்னேரம் ஆறுமணி ஆகப்போகிறது, ஆஸ்பத்திரியில் ஆட்கள் பார்க்கிற நேரம். தம்பிதான் எடுத்தான்.

"அம்மா நித்திரை, அண்ணை."

"எழுப்படா."

"இல்லை, இப்பதான்..."

"எனக்குத் தெரியும். போனைக் குடு."

அவன் அழத் தொடங்கிவிட்டான். பிறகு சரசரவென்று ஏதோ சத்தம், பிறகு அம்மாவின் மூச்சு. குரல் வருவதற்கு முன் மூச்சுத்தான் வந்தது.

"ராசா."

"அம்மா."

"சாப்பிட்டியோ?"

"ஓம் அம்மா."

"ராசா, நீயாவது சொல்லு. எனக்கு என்ன வருத்தமடா, என்ன நோய்?" என்றார் அம்மா. "இவங்கள் எல்லாரும் வாய்வு எண்டுறாங்கள். வாய்வுக்கு ஏன் எல்லாரும் வந்து பாக்கினம்? டொக்டர் வந்தா வெளியிலை போய்க் கதைக்கினம். நான் கேட்டா, ஒண்டுமில்லை, நாளைக்கு வீட்டை போகலாம் எண்டு சிரிக்கினம்."

என்னிடம் மறைத்தவர்கள் அம்மாவிடமும் மறைத்திருந்தார்கள். அது எனக்குத் தோன்றவேயில்லை. வாழ்நாள் முழுக்கப் பழகிய பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே மச்சாள் முதுகைக் காட்டிக்கொண்டு, கட்டைகளில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"கடுமையான வருத்தம் அம்மா," என்றேன். "ஈரல்லை. மாத்தேலாது எண்டு சொல்லிப்போட்டினம். என்னாலை வரவும் ஏலாது. ஆனா ஒவ்வொரு நாளும் எடுப்பன். இதே நேரத்துக்கு எடுப்பன்."

நான் அவரைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

"அதுதானே பாத்தன்," என்றார் அம்மா. அந்தக் குரலில் பயம் இருந்தது, ஆனால் களைப்புக் குறைந்திருந்தது. "அப்ப நான் சில கதை கதைக்கவேணும். இவங்களோடை கதைச்சா வாயைப் பொத்துறாங்கள்." தம்பியை நான் ஏசக்கூடாது என்றார். நான் அனுப்பிய நீலச் சேலையைத்தான் தனக்கு உடுத்தவேண்டும் என்றார். என் தகப்பனார் செத்த அன்று தான் அவரோடு சண்டைபிடித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்ததை முதல்முறையாகச் சொன்னார். பேரப்பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, நாளைக்கு அவர்களையும் கதைக்க வை என்றார். இருபத்தைந்து நிமிடம் கதைத்தார். வைக்கும்போது, "இண்டைக்குத்தான் ராசா ஒரு ஆளோடை கதைச்ச மாதிரிக் கிடக்கு," என்றார்.

அதற்குப் பிறகு பதினொரு நாள் இருந்தார். பதினொரு நாளும் கதைத்தோம். கடைசி இரண்டு நாள் நான் மட்டும் கதைத்தேன், அவர் மூச்சு விட்டார். தம்பி பிறகு என்னிடம் நன்றி சொன்னான். என் மனைவிதான் தமக்கையை மன்னிக்கவில்லை. சத்தியத்தை உடைத்தவர் என்று ஒரு வருடத்துக்கு மேலாக அந்த இரண்டு கட்டடம் தாண்டிப் போகவில்லை. மச்சாள் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் பரிசை வாசலில் வைத்துவிட்டுப் போவார். ஒருதரம்கூடத் தன் பக்கத்து நியாயம் பேசவில்லை. நான் இடையில் நின்று எதையும் சரிசெய்யவில்லை. அதுவும் என் குற்றம்.

ஆனால் அன்றைக்குக் கார்த் தரிப்பிடத்தில் நடந்ததை நான் மனைவிக்கு நெடுங்காலம் சொல்லவில்லை. சொன்ன அன்றுதான் அவள் சப்பாத்தைக்கூடச் சரியாகப் போடாமல் தமக்கை வீட்டுக்கு ஓடினாள்.

கதைத்து முடித்துக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன். மச்சாள் காரின் பின்கதவைத் தூக்கி அந்த விளிம்பில் இருந்தார்.

"கதைச்சியளோ?"

"ஓம்."

"அம்மா கேட்டவவோ, தனக்கு என்ன வருத்தமெண்டு?"

இவருக்கு இது எப்படித் தெரியும் என்று திகைத்துப்போனேன். "கேட்டவ," என்றேன்.

"சொன்னியளோ?"

"சொன்னனான்."

மச்சாள் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு முகம் கோணிக்கொண்டு போனது. அந்த மனிசி அழுது நான் கண்டதில்லை.

"நான் அந்த மலைப் பள்ளிக்கூடத்திலை இருக்கேக்கை அப்பா படுக்கையிலை விழுந்தவர்," என்றார். "மூண்டு கிழமை கிடந்தவராம். எனக்கு, அப்பா சுகம், உன்னைக் கேட்டவர் எண்டு கடிதம் வந்துகொண்டிருந்தது. நானும் பனியிலை விழுந்த கதையெல்லாம் பகிடியாய் எழுதினனான். செத்தாப் பிறகும் அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறன், தம்பி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எல்லாம் முடிஞ்சு ரெண்டு மாதத்தாலைதான் அறிவிச்சவை. தங்கச்சி அப்ப சின்னப் பிள்ளை. அவளையும் எழுதவேண்டாம் எண்டு சொல்லிவைச்சிருந்தவை."

நான் கார்ச் சாவியை அவர் பக்கத்தில் வைத்தேன்.

"என்னட்டை மறைச்சதை நான் எப்பவோ மறந்திட்டன். அதில்லை." மூச்சை இழுத்துக்கொண்டார். "எனக்கு நினைவு தெரிஞ்ச நாளிலையிருந்து அப்பா எதையும் என்னட்டைத்தான் கேப்பார். கறி உப்போ, தலை நரைச்சிட்டுதோ, தான் பேசினது பிழையோ எண்டு. நான் உள்ளதைச் சொல்லுவனெண்டு அவருக்குத் தெரியும். அந்த மூண்டு கிழமையும் வாற போற ஒவ்வொருத்தரையும் கேட்டிருப்பார், எனக்கென்ன வருத்தமெண்டு. ஒருத்தரும் சொல்லியிருக்கமாட்டினம். நான் ஒருத்திதான் சொல்லியிருப்பன். என்னை மட்டும்தான் அவரோடை கதைக்க விடேல்லை."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். காலில் இன்னும் அந்தப் பாரமான பனிச்சறுக்குச் சப்பாத்துகள் கொக்கி பூட்டியபடி இருந்தன. நான் பனியில் குந்தியிருந்து அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒரு சப்பாத்துக்கு நான்கு கொக்கி. அவர் அழுது முடிக்கட்டும் என்று மெதுவாகவே கழற்றினேன்.